பழைய பிக்கப்பை ஹாட் ராடாக்கும்போது கையைக் கடிக்காத முன் சஸ்பென்ஷன்

பழைய பிக்கப் ஒன்றை வாங்கிக் கொண்டுவந்து நிறுத்திய மறுநாளே, முன் சஸ்பென்ஷனுக்கு எந்த கிட் (தயாராக விற்கும் பாகத் தொகுப்பு) போடலாம் என்று விலைப்பட்டியலைப் புரட்டத் தொடங்கிவிடுவோம். வண்டிக்குக் கீழே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று குனிந்து பார்ப்பது அப்புறம்தான். செலவு கட்டுக்குள் நிற்க வேண்டுமானால் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்.

பேசுவதற்கு வசதியாக ஒரு வண்டியைப் பிடித்துக்கொள்வோம்: செவர்லே 3100. 1947 முதல் 1955 தொடக்கம் வரை வந்த 'அட்வான்ஸ் டிசைன்' வரிசையின் அரை டன் பிக்கப். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை 116 அங்குலம். அமெரிக்காவில் வீட்டு கராஜில் ஹாட் ராட் (எஞ்சின், உயரம் எல்லாம் மாற்றித் தன் விருப்பப்படி கட்டிக்கொள்ளும் பழைய வண்டி) கட்டுகிறவர்களுக்கு நன்கு பழகிய வண்டி இது. ஃபோர்டு எஃப்-1, எஃப்-100 வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. குனிந்து பாருங்கள்

3100-இன் முன்பக்கம் ஒரு லாரியின் முன்பக்கம்தான், அளவுதான் சின்னது. குறுக்கே ஒரு ஐ-பீம் ஆக்ஸில், இரண்டு பக்கமும் நீளவாக்கில் லீஃப் ஸ்பிரிங், சக்கரம் திரும்புவதற்கு கிங்பின், டிரம் பிரேக். லாரிப் பட்டறைகளில் 'பட்டை' என்கிறோமே, அதே ஸ்பிரிங் அடுக்கு.

ஓட்டிப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஸ்டீயரிங் கால் சுற்று ஆடும், குழியில் விழுந்தால் முதுகெலும்பு கேட்கும், பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். ஆனால் பல வருடமாக கிரீஸ் காணாத கிங்பின்னையும், துருவில் ஒன்றோடொன்று ஒட்டிப்போன பட்டைகளையும் வைத்து ஓட்டிவிட்டு அமைப்பையே குறை சொல்வது நியாயமில்லை.

ஒரு சோதனை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸிலுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுங்கள். டயரின் உச்சியிலும் அடியிலும் கைவைத்து உள்ளேயும் வெளியேயும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு வீல் பேரிங்கில். நிற்கவில்லையென்றால் கிங்பின். இந்த ஐந்து நிமிட வேலை, என்ன செலவு காத்திருக்கிறது என்பதை எந்தப் பட்டியலையும்விடத் தெளிவாகச் சொல்லிவிடும்.

2. வண்டி என்ன செய்யப்போகிறது?

இதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. மூன்று கேள்விகள். எந்த எஞ்சின்? வண்டி எவ்வளவு தாழ வேண்டும்? வாரக் கடைசியில் ஊருக்குள் சுற்றவா, நெடுஞ்சாலையில் தினமும் ஓட்டவா? பழைய ஆறு சிலிண்டரோ சாதுவான ஸ்மால் பிளாக் (சிறிய உடலுள்ள) வி8-ஓ போட்டு, மூன்று நான்கு அங்குலம் தாழ்த்தி, நிதானமாக ஓட்டப் போகிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் வண்டியிலேயே இருக்கிறது. வயிறு தரையைத் தொடுகிற அளவுக்குத் தாழ வேண்டும், கார் மாதிரி திரும்ப வேண்டும் என்றால் ஆக்ஸிலை விட்டுவிட்டுத் தனித்தனி சஸ்பென்ஷனுக்குப் போக வேண்டியதுதான்.

3. அளவெடுக்காமல் ஸ்பானரைத் தொடாதீர்கள்

பலர் இதைத் தாவிவிடுகிறார்கள். ஆக்ஸிலைக் கழற்றிய பிறகு, சக்கர மையம் வண்டியின் அடிச்சட்டத்தில் எங்கே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

சமமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்துங்கள். ஃபெண்டர்கள் மேலேயே இருக்கட்டும். கடைசியில் போடப்போகும் டயரின் உயரத்துக்கும் நீங்கள் விரும்பும் தாழ்வுக்கும் ஏற்றபடி சட்டத்தைக் கட்டைகள் மேல் உட்கார வையுங்கள். முன்பக்கம் கொஞ்சம் இறங்கி நிற்பதுதான் ஹாட் ராடின் அழகு. அந்தச் சாய்வையும் இப்போதே கொடுத்துவிடுங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும்: சக்கர மையத்திலிருந்து தொங்கவிட்டுத் தரையில் குறியிடுங்கள், சட்டத்திலும் ஆணியால் கீறி வையுங்கள். சாக்பீஸ் அழியும், கீறல் அழியாது.

அப்புறம், இடது ஃபெண்டர் உதட்டிலிருந்து வலது ஃபெண்டர் உதடு வரை எத்தனை அங்குலம் என்று பாருங்கள். இரண்டு பக்கமும் டயர் உள்ளே அடங்கி, திரும்பும்போது இடிக்காமல் இருக்க வேண்டும். புதிய சஸ்பென்ஷனின் அகலத்தை இந்த எண்தான் முடிவு செய்யும். 'ஹப் முகத்திலிருந்து ஹப் முகம் வரை' என்று விற்பவர்கள் சொல்வது சக்கரம் போல்ட்டாகும் பரப்புகளுக்கு இடையிலான தூரம். இதோடு சக்கரத்தின் ஆஃப்செட்டையும் (அந்தப் பரப்பு ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது) சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

4. முதல் வழி: இருப்பதையே புதுப்பிப்பது

மலிவான வழி இதுதான். என் ஓட்டும் இதற்கே.

கிங்பின் செட் இன்றும் கிடைக்கிறது. புஷ்ஷை அழுத்திப் பொருத்திய பிறகு பின்னின் அளவுக்கு ரீமர் போட்டோ ஹோன் செய்தோ சரிப்படுத்த வேண்டும். கையில் கருவி இல்லையென்றால் ஸ்பிண்டிலை (சக்கரம் மாட்டும் தண்டு) எடுத்துக்கொண்டு ஒரு மெஷின் ஷாப்புக்குப் போய்விடுங்கள். சுத்தியலால் சமாளிக்க நினைக்காதீர்கள். பட்டைகளைப் பிரித்து, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, இடையிடையே வழுக்கும் பிளாஸ்டிக் பட்டி வைத்து அடுக்கினால் பாதி முரட்டுத்தனம் அங்கேயே போய்விடும். ஷாக்கிள், புஷ், நடு போல்ட், யு-போல்ட் எல்லாம் புதிதாகவே இருக்கட்டும். ஒருமுறை இறுக்கிக் கழற்றிய யு-போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது.

தாழ்த்துவதற்கு இரண்டு பாதை. பட்டைகளில் சிலவற்றை எடுத்துவிடலாம், காசு செலவில்லை. ஆனால் ஸ்பிரிங் இளகும், குழியில் ஆக்ஸில் எழும்பிச் சட்டத்தில் முட்டும். அதற்கு ரப்பர் பம்ப் ஸ்டாப் வேண்டும். எஞ்சினுக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் அடியில் ஆக்ஸிலுக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்றும் பார்க்க வேண்டும். இன்னொரு பாதை டிராப் ஆக்ஸில். நுனிகள் மேலே வளைந்திருப்பதால் ஸ்பிண்டில் உயரும், வண்டி தாழும், ஸ்பிரிங் தொடப்படாது. 1940-களிலேயே சான் டியாகோவில் எட் ஸ்டூவர்ட் என்பவர் ஃபோர்டு ஆக்ஸில்களைப் பழுக்கக் காய்ச்சி இப்படி வளைத்துக் கொடுத்துப் பெயர் வாங்கினார். 'ஆக்ஸில்' என்பதே அவருடைய பட்டப்பெயராகிவிட்டது. இந்த செவர்லேக்கும் 3, 4 அங்குல டிராப் ஆக்ஸில் கிடைக்கிறது. ஆக்ஸிலை நீங்களே சூடுபண்ணி வளைக்க மட்டும் முயலாதீர்கள்.

பிரேக் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய ஸ்பிண்டில் மேலேயே பொருந்தும் டிஸ்க் பிரேக் கிட் இருக்கிறது. பெரும்பாலானவை ஜிஎம் (செவர்லேயின் தாய் நிறுவனம்) கார்களின் சாதாரண காலிப்பரையே (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) பயன்படுத்துகின்றன. எந்த ஊர் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். சக்கரத்தில் 3100-க்கு உரிய ஆறு போல்ட், ஐந்தரை அங்குல வட்டத்தை அப்படியே வைத்துக்கொள்ளும் கிட்டும் உண்டு, ஐந்து போல்ட்டுக்கு மாற்றுவதும் உண்டு. முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமே என்பதை வாங்குவதற்கு முன்பே யோசியுங்கள்.

ஸ்டீயரிங் கனமாக இருந்தால், டொயோட்டா 4x4 பிக்கப்பின் பவர் ஸ்டீயரிங் பெட்டியை இந்தச் சட்டத்தில் மாட்டுவதற்கு பிராக்கெட் விற்கிறார்கள். காயலான்கடைப் பெட்டி ஒன்றும் அந்த பிராக்கெட்டும் இருந்தால் வேலை முடிந்தது.

5. இரண்டாவது வழி: மஸ்டாங் டூ

ஹாட் ராட் உலகத்தில் 'மஸ்டாங் டூ' என்ற பெயர் காதில் விழாத நாள் கிடையாது. ஃபோர்டு 1974 முதல் 1978 வரை விற்ற சின்ன மஸ்டாங்கின் முன்பக்கம் அது. அண்ணன் முறையான ஃபோர்டு பின்டோ காரிலும் இதே குடும்பம்தான். கச்சிதமான குறுக்குச் சட்டம், மேலும் கீழுமாக நீளம் வேறுபட்ட இரண்டு கன்ட்ரோல் ஆர்ம், நடுவில் காயில் ஸ்பிரிங், ஆக்ஸில் கோட்டுக்கு முன்னால் ரேக் ஸ்டீயரிங் (பல்சட்டம் பக்கவாட்டில் நகர்ந்து சக்கரத்தைத் திருப்பும் வகை). காராக அதை யாரும் கொண்டாடவில்லை. ஆனால் பழைய சட்டங்களுக்கு நடுவே அடக்கமாக உட்காரும் அந்தக் குறுக்குச் சட்டத்தை ராடர்கள் விடவில்லை.

இன்று அசல் மஸ்டாங்கைத் தேடிக் காயலான்கடைக்குப் போக வேண்டியதில்லை, போனாலும் கிடைக்காது. கிட்டத்தட்ட எல்லாமே புதிதாகச் செய்து விற்கப்படுகிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அசலில் நான்கு போல்ட் ஹப், சின்ன டிஸ்க். இப்போதைய கிட்களில் ஐந்து போல்ட், 11 அங்குல டிஸ்க் சாதாரணம். வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள்.

ஒன்று, கீழ் ஆர்ம். அசலில் கீழ் ஆர்ம் ஒரே புள்ளியில் குறுக்குச் சட்டத்தோடு இணைந்திருக்கும். பிரேக் போடும்போது அது பின்னால் மடங்காமல் ஒரு ஸ்ட்ரட் ராட் சட்டத்திலிருந்து வந்து பிடித்துக்கொள்ளும். இப்போது பல கிட்களில் ராட் கிடையாது; அகலமான இரண்டு புள்ளிகளில் ஆர்மே தன்னைத் தாங்கிக்கொள்ளும். நன்றாகச் செய்திருந்தால் நல்லதுதான். ஆனால் விலையைக் குறைக்க ராடை எடுத்துவிட்டு, ஆர்மின் பிடிமானத்தை அகலப்படுத்தாமல் விட்டிருந்தால் அதைத் தொடாதீர்கள். பிக்கப்பின் எடை பின்டோவின் எடையில்லை.

இரண்டு, அகலம். அசல் அமைப்பு ஹப்பிலிருந்து ஹப் வரை சுமார் ஐம்பத்தாறரை அங்குலம். டிரக்குக்கு இது குறுகல் என்று குறுக்குச் சட்டத்தை அகலப்படுத்தி விற்பவர்கள் உண்டு. அங்கேதான் கவனம் வேண்டும். ரேக்கின் உள் டை ராட் (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) மூட்டும் கன்ட்ரோல் ஆர்மின் உள் மூட்டுகளும் ஒன்றுக்கொன்று ஒரே கோட்டில் வர வேண்டும். சட்டத்தை 2 அங்குலம் அகலப்படுத்திவிட்டு ரேக்கைப் பழைய நீளத்திலேயே விட்டால், சக்கரம் மேலும் கீழும் போகும்போதெல்லாம் டை ராட் வேறு வளைவில் நகரும், நீங்கள் திருப்பாமலே சக்கரம் திரும்பும். இதற்குப் பெயர் பம்ப் ஸ்டீயர். அகலப்படுத்திய கிட் என்றால் ரேக்கும் அதற்கேற்ற நீளமா என்று கேட்டுவிட்டே பணம் கொடுங்கள். குறுகலான கிட்டை வாங்கி, சக்கர ஆஃப்செட்டால் இடத்தை நிரப்புவது எளிது.

மூன்று, எண்ணெய்த் தொட்டி. ரேக் முன்னால் இருப்பதால், தொட்டியின் ஆழமான பகுதி பின்னால் உள்ள செவர்லே ஸ்மால் பிளாக் சங்கடமில்லாமல் உட்காரும். முன்பக்கம் ஆழமான தொட்டியுள்ள ஃபோர்டு வி8 என்றால் தொட்டியை மாற்ற வேண்டிவரும்.

6. மூன்றாவது வழி: வேறு வண்டியின் முன்பாதி

1967–69 கமாரோ, 1968–74 நோவா போன்ற ஜிஎம் கார்களில் முன்பகுதிச் சட்டம் தனியாக போல்ட் போட்டு இணைந்திருக்கும். அதைக் கழற்றி, டிரக்கின் சட்டத்தை ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) அருகே வெட்டிவிட்டு ஒட்டவைப்பதை 'கிளிப் போடுவது' என்பார்கள். ஒரே மூட்டையில் டிஸ்க் பிரேக், ஸ்டீயரிங், எஞ்சின் மவுண்ட் எல்லாம் கிடைத்துவிடும் என்பதால் 70-களிலும் 80-களிலும் ஓடிய ஓட்டம் இது.

மலிவு என்று நம்பி இதில் இறங்காதீர்கள். அந்த கமாரோக்களே இன்று சேகரிப்பாளர் வண்டிகள். முன்பகுதி சும்மா கிடைக்கிற காலம் போய்விட்டது. அகலமும் அதிகம் என்பதால் பழைய ஃபெண்டருக்குள் டயர் அடங்க மல்லுக்கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியின் முதுகெலும்பை வெட்டி ஒட்டுகிறீர்கள். கோணம் அரை டிகிரி தவறினால் கடைசிவரை அது ஒரு பக்கமாகவே போகும். பழைய வண்டி வாங்கும்போது யாரோ போட்ட கிளிப் இருந்தால், கீழே படுத்து அந்த வெல்டிங்கைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

7. நான்காவது வழி: சட்டத்தையே மாற்றுவது

செவர்லே எஸ்-10 பிக்கப் 1982 முதல் 2004 வரை வந்தது. அதன் முழுச் சட்டத்தின் மேல் பழைய கேபினை உட்கார வைப்பது இப்போது பிரபலம். ஓடுகிற முழு எஸ்-10 ஒன்று மலிவாகக் கிடைத்தால் சஸ்பென்ஷன், பவர் ஸ்டீயரிங், பிரேக், பின் ஆக்ஸில் எல்லாம் ஒரே விலையில் வந்துவிடும். சாதாரண கேபின், நீளப் படுக்கை (பின்னால் சரக்கு ஏற்றும் பகுதி) எஸ்-10-இன் சக்கர இடைவெளி 117.9 அங்குலம், நம் 3100-க்கு கிட்டத்தட்டப் பக்கம். குட்டை எஸ்-10 என்றால் 108.3, அது 110 அங்குல 1953–55 எஃப்-100-க்கு நெருங்கி வரும்.

கேட்கச் சுலபம். கேபின் மவுண்ட், ரேடியேட்டர் தாங்கி, ஃபெண்டர் பிடி, படுக்கை பிடி ஒவ்வொன்றையும் நீங்களே செய்ய வேண்டும் என்பதை மட்டும் யாரும் முதலிலேயே சொல்வதில்லை. சக்கரங்களும் பெரிய ஃபெண்டருக்குள் ஒளிந்துகொண்ட மாதிரி தெரியும். இன்னொரு சங்கதி: இரண்டு வண்டிகளின் அடையாள எண்கள் ஒரே வண்டியில் கலக்கின்றன. பதிவு விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சட்டத்தை வாங்குவதற்கு முன்பே உங்கள் மாநிலப் பதிவு அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2003–2011 கிரவுன் விக்டோரியாவின் முன் கிராஸ்மெம்பரை, அதாவது குறுக்குச் சட்டத்தைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அலுமினியம், போல்ட்டில் கழன்று வரும், ரேக் ஸ்டீயரிங்கோடு வரும், ஓய்வுபெற்ற போலீஸ் வண்டிகளிலிருந்து தாராளமாகக் கிடைத்தது. 60-கள், 70-களின் அகலமான எஃப்-100-க்கு அருமையான தேர்வு. நம் 3100-க்கு மிக அகலம், விட்டுவிடுங்கள்.

8. முழுக் கணக்கு

விலை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் தொகைக்குப் பதில் வரிசை தருகிறேன். இருப்பதைப் புதுப்பிப்பது மலிவு. வெல்டிங் உங்கள் கையில் இருந்தால் அடுத்தது மஸ்டாங் டூ. எஸ்-10 சட்டம் முதலில் மலிவாகத் தெரிந்து உங்கள் ஒரு வருடத்தைத் தின்னும். கிளிப் கடைசி.

ஒரு காகிதத்தில் கிட்டின் விலைக்குக் கீழே இவற்றையும் எழுதுங்கள்: ஸ்டீயரிங் தண்டும் யு-ஜாயின்ட்களும், பவர் பம்பும் ஹோஸும், மாஸ்டர் சிலிண்டர், பிரேக் குழாய்கள், முன்னுக்கு ஒத்த போல்ட் அமைப்போடு பின் ஆக்ஸில், நான்கு சக்கரம், நான்கு டயர், வெல்டர் கூலி, அலைன்மென்ட். மஸ்டாங் டூ போட்டு ஐந்து போல்ட், நாலரை அங்குல வட்டத்தைத் தேர்ந்தால், 1995–2001 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் பின் ஆக்ஸில் அதே போல்ட் அமைப்போடும் டிஸ்க் பிரேக்கோடும் காயலான்கடையில் கிடைக்கும். இப்படிப் பொருந்துகிற ஜோடி மிச்சப்படுத்தும் பணம், கிட்டில் பேரம் பேசிக் குறைப்பதைவிட அதிகம்.

9. மஸ்டாங் டூ என்று முடிவானால்

3100-இன் சட்டம் திறந்த 'ப' வடிவம். குறுக்குச் சட்டம் வரும் இடத்தில் உட்பக்கம் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்க வேண்டும். பழைய குறுக்குச் சட்டத்தை வெட்டும் முன் இடது, வலது பக்கச் சட்டங்களுக்கு இடையே தற்காலிகமாக இரும்புக் குழாய் வைத்து ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் சட்டம் விரியும்.

கிராஸ்மெம்பரை உட்கார வைக்கும்போது சட்டத்தைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். 3-ஆம் படியில் கொடுத்த சாய்வோடு வண்டி நிற்கும்போது, கிட்டின் குறிப்பு சொல்கிறபடி அது தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். சட்டத்துக்கு நேராக வைத்துவிட்டால், முன்பக்கம் எத்தனை டிகிரி இறங்குகிறதோ அத்தனை டிகிரி கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) காணாமல் போகும். நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நேராக நிற்காமல் அலைபாயும். வண்டி ஓட்ட உயரத்தில் நிற்கும்போது கீழ் ஆர்ம்கள் தரைக்கு இணையாக இருக்க வேண்டும்.

முதலில் புள்ளி வெல்டிங் மட்டும். மூலைக்கு மூலை குறுக்காக அளந்து, இரண்டும் சமம் என்று உறுதியான பிறகே முழு வெல்டிங், அதையும் இடம் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. உங்கள் வெல்டிங் மேல் உங்களுக்கே நம்பிக்கை இல்லையென்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை: புள்ளிவரை நீங்கள் செய்து, டிரெய்லரில் ஏற்றித் தொழில்முறை வெல்டரிடம் கொண்டுபோங்கள். வெல்டிங் நேரத்துக்கு மட்டும்தான் கூலி.

ஸ்டீயரிங் தண்டில் ஒரு யு-ஜாயின்ட் 30 டிகிரிக்கு மேல் வளையாமல் பாருங்கள். மூன்று ஜாயின்ட் தேவைப்பட்டால் நடுவில் தாங்கு பேரிங் கட்டாயம். ஜிஎம் பவர் பம்பின் அழுத்தம் இந்த ரேக்குக்கு அதிகம். குறைக்கும் வால்வு போடாவிட்டால் ஸ்டீயரிங் விரல் பட்டாலே பறக்கும்.

மாஸ்டர் சிலிண்டர் காலடிப் பலகைக்குக் கீழே இருப்பதால் காலிப்பர்கள் அதைவிட உயரத்தில் இருக்கக்கூடும். திரவம் பின்வாங்கி, முதல் மிதியில் பெடல் அமுங்கிப்போகும். டிஸ்க்குக்கு 2 பி.எஸ்.ஐ., டிரம்முக்கு 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வு போட்டால் சரியாகிவிடும். ஆக்ஸிலைப் புதுப்பித்து டிஸ்க் போட்டவர்களுக்கும் இது பொருந்தும். ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டரை எந்த வழியில் போனாலும் தூக்கிப் போட்டுவிட்டு இரட்டை அறை போடுங்கள்.

10. சாலைக்கு வரும் முன்

மஸ்டாங் டூ-வுக்குத் தொடக்க அளவு: கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாய்வது) பூஜ்யம் முதல் மைனஸ் அரை டிகிரி, பவர் ஸ்டீயரிங் என்றால் கேஸ்டர் 3 டிகிரி சுற்றுவட்டாரம், டோ-இன் (இரண்டு சக்கரங்களும் முன்பக்கம் உள்நோக்கி நெருங்குவது) 1/16 முதல் 1/8 அங்குலம். டோ-வை வீட்டிலேயே பார்க்கலாம்: டயரைச் சுழலவிட்டு நடுவில் ஒரு கோடு கீறி, முன்பக்கமும் பின்பக்கமும் கோட்டிலிருந்து கோட்டுக்கு டேப் பிடித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். மற்றதற்கு அலைன்மென்ட் கடைக்குப் போங்கள். என்ன அளவு வேண்டும் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், அவர்கள் கணினியில் உங்கள் வண்டி இருக்காது.

லீஃப் ஸ்பிரிங் வண்டியில் கேஸ்டரை மாற்ற, ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு வைப்பார்கள். தடித்த முனை எந்தப் பக்கம் என்று இரண்டு முறை பாருங்கள். திருப்பி வைத்துவிட்டு, வண்டி ஏன் பைத்தியம் பிடித்த மாதிரி போகிறது என்று ஒரு மாதம் தேடியவர்கள் இருக்கிறார்கள்.

முதல் 50 மைல் ஓட்டிய பிறகு யு-போல்ட், பால் ஜாயின்ட் நட்டு, ரேக் போல்ட், வீல் நட்டு எல்லாவற்றையும் மறுபடி டார்க் ரெஞ்சில் பாருங்கள். முன்பக்கம் நினைத்ததைவிட உயரமாக நிற்கிறதே என்று காயிலை அப்போதே வெட்டக் கை துறுதுறுக்கும். எஞ்சின், ரேடியேட்டர், ஃபெண்டர், பம்பர், பேட்டரி எல்லாம் ஏறி, சில நூறு மைல் ஓடி ஸ்பிரிங் அமர்ந்த பிறகும் உயரமாக இருந்தால், அப்போது அரைச் சுற்று மட்டும் வெட்டுங்கள். வெட்டிய காயிலை நீட்ட முடியாது.